நீண்ட காலப் பயிர்: விவாகரத்து வழக்கு சாகுபடிக் குறிப்புகள்

குறுவைக்கு ஏ.டி.டி. 43 போட்டால் 110 நாளில் அறுத்துவிடலாம். சி.ஆர். 1009 என்றால் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். நெல்லுக்கு அவ்வளவுதான் வயது. விவாகரத்து வழக்குக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. மானம் ரோஷமுள்ள குடும்பத்தின் கையில் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷம் பச்சையாகவே நிற்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கோர்ட்டுகளில் இந்தப் பயிரைப் பார்த்தே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில், புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் இதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள்.

முதலில் ரகத் தேர்வு. சட்டத்தில் குறுகிய கால ரகம் ஒன்று உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்திருந்த கணவனும் மனைவியும், இனி ஒத்துவராது என்று ஒரே மனுவில் கையெழுத்துப் போடவேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து, மனசு மாறவில்லை என்று சொன்னால் தீர்ப்பு. அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு ஏற்கெனவே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளை, மற்ற கொடுக்கல் வாங்கல் எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். சேர்த்து வைக்கிற முயற்சியெல்லாம் பார்த்து ஓய்ந்திருக்க வேண்டும்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மத்தியானம் பேசினால் காரியம் முடிந்துவிடும். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டால் பெரியப்பா என்ன செய்வார்? தாய்மாமன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? ஆகவே முதல் விதி: கட்சிக்காரர்கள் இருவரையும் ஒரே அறையில் விடக்கூடாது.

வக்கீலைப் பார்க்க வரும்போது எட்டுப் பேராவது வாருங்கள். நாற்காலிகளில் ஆண்கள். பெண், கதவோரத்து ஸ்டூலில். போன மாசியில் அப்படித்தான் ஒரு கூட்டம் வந்தது. முக்கால் மணி நேரம் மாமன் பேசினார். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் இலையில் ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்ததிலிருந்து ஆரம்பித்து, தலைதீபாவளிக்கு மோதிரம் அரைப் பவுனா முக்கால் பவுனா என்பதுவரை வந்திருந்தார். அந்தப் பெண் ஸ்டூலின் ரெக்ஸின் கிழிசலை விரலால் நோண்டிக்கொண்டே இருந்தாள்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன்.

"அதுக்கு என்ன சார் தெரியும்?" என்றார் மாமன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மெதுவாகச் சொன்னாள். "என் பி.எட். சர்டிபிகேட் எல்லாம் அவங்க வீட்டு பீரோவுல இருக்கு சார். அது கெடச்சாப் போதும். டி.ஆர்.பி. பரீட்சை வருது."

"சர்டிபிகேட்டாம்ல சர்டிபிகேட்டு! இங்க குடும்ப மானமே போயிட்டிருக்கு" என்று மாமன் எழுந்தேவிட்டார். வழக்கு வேர் பிடித்த நேரம் அதுதான் என்று குறித்துக்கொள்ளலாம்.

1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் எழுதியவர்கள் விவரமானவர்கள். இந்த வழக்குகளில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல, கோர்ட் அனுமதித்தால்தான் உண்டு என்று 13-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். சம்பந்தப்பட்ட இருவரும் நீதிபதி முன்னால் வாய் திறந்து பேசட்டும் என்பது எண்ணம். எங்களை வெளியே நிறுத்தத் தெரிந்தவர்களுக்குப் பெரியப்பாவை நிறுத்த ஒரு பிரிவு எழுதத் தோன்றவில்லை.

அடுத்து விதைப்பு. நேரடியாக விவாகரத்து கேட்பது ஆரம்ப நிலைக்காரர்கள் செய்வது. கை தேர்ந்தவர்கள் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் போடுவார்கள்: மனைவி காரணமில்லாமல் பிரிந்து போய்விட்டாள், அவளோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று. மனுவின் மூன்றாவது பத்தியிலேயே அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கும். கடைசிப் பத்தியில் அவளோடு வாழ ஆசை என்றிருக்கும். பதிலுக்கு அவர்கள் ஜீவனாம்சத்துக்கு ஒரு எம்.சி. போடுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது 2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ்.எஸ். 144. அப்புறம் இவர் விவாகரத்து. அதில் அவர் இடைக்கால ஜீவனாம்சம். குழந்தையைப் பார்க்க ஒரு இடைக்கால மனு, அதாவது ஐ.ஏ. ஒரு கல்யாணத்தில் ஐந்து எண் விழுந்துவிட்டால் பயிர் தானே தூர் கட்டும்.

கும்பகோணத்தில் கல்யாணம், மன்னார்குடியில் குடித்தனம், பெண் இப்போது தஞ்சாவூரில் அம்மா வீட்டில் என்றால் மூன்று ஊரிலும் மனு போட இடமுண்டு. பஸ் செலவைப் பார்க்காதீர்கள்.

வாய்தா வாங்குவது தனிக்கலை. அறிவிப்பு சார்வு ஆன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயலவேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு சொல்கிறது. இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு 60 நாள். இந்த இரண்டு எண்ணையும் கட்சிக்காரரிடம் சொன்னால், சார் தமாஷ் பண்றார் என்று சிரிப்பார்கள். நம் ஊரில் வாய்தாவுக்குக் காரணம் தேடவே வேண்டாம், காவிரியே கொடுக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் நாற்றங்கால் வேலை. திறக்காவிட்டால் மனசு சரியில்லை. ஆடியில் நடவு. ஐப்பசியில் மழை, வயலில் தண்ணீர் வடியவில்லை. தையில் அறுவடை. மாசியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காவலுக்குப் படுத்திருக்கிறார், மூட்டை இன்னும் எடை போடவில்லை. சித்திரையில் கையில் பணம், மனதில் தெம்பு, வழக்கை நடத்தலாம் என்று வருவார். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை.

பணம் கையில் இருக்கும்போது வருமானம் இல்லை என்று சொல்வது எப்படி? இதற்கு ஒரு காலத்தில் பயிற்சியே தேவைப்படவில்லை. "நிலம் அப்பா பேர்ல, கர்நாடகாக்காரன் தண்ணி விடல" என்ற இரண்டு வாக்கியம் போதும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொகுசைக் கெடுத்துவிட்டது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு விடாமல், விவசாயிகளுக்கென்று தனிப் படிவம் ஒன்றையும் தீர்ப்போடு இணைத்தார்கள். நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர் வைத்தாய், கடைசி மூன்று வருஷத்தில் என்ன கிடைத்தது, குத்தகைக்கு எடுத்திருக்கிறாயா, ஆடு மாடு கோழி எத்தனை என்றெல்லாம் அதில் கேள்வி. தில்லியில் உட்கார்ந்து கோழியைக் கூடக் கேட்டுவிட்டார்கள். அந்தப் படிவத்தை நிரப்பும்போது பார்க்கவேண்டும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கும்போது அஞ்சு ஏக்கராக இருந்த நஞ்சை, ஜீவனாம்சப் படிவத்துக்கு வரும்போது ஒன்றேகால் ஏக்கராகச் சுருங்கியிருக்கும். அடங்கலும் சிட்டாவும் வி.ஏ.ஓ.விடம் இருக்கிறது என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியாது என்று நம்புங்கள்.

இன்னொரு வழி, நோட்டீஸ் வந்த வாரமே நிலத்தைத் தம்பி பேருக்குத் தானமாக எழுதிவைப்பது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, நிலத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெற உரிமை உள்ளவர் அந்த நிலத்தைச் சும்மா வாங்கிக்கொண்டவரிடமும் போய்க் கேட்கலாம் என்கிறது. ஆகவே ஜீவனாம்சமும் போகும், தம்பியிடமிருந்து நிலமும் திரும்பி வராது. தம்பியோடு பிறகு நடக்கும் சிவில் வழக்கு இந்தக் குறிப்பில் அடங்காது. அதற்குத் தனிக் கட்டணம்.

"கட்ட முடியாது, ஜெயிலுக்குப் போறேன்" என்று வீரம் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். போகலாம். ஆனால் உள்ளே இருந்துவிட்டு வந்தால் பாக்கி கழியாது என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. புழல் ஆனாலும் திருச்சி ஆனாலும் சாப்பாடு மட்டும்தான் இலவசம்.

வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் இருந்தாலும் சவூதியில் இருந்தாலும், நான்தானே சம்பாதித்தேன், எல்லாம் என் பேரில்தானே இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம். நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், சவூதியிலிருந்து கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அது விவாகரத்து வழக்கல்ல, சொத்து வழக்கு. ஆனால் சாகுபடி என்றால் அதுதான் சாகுபடி: வழக்கு நடக்கும்போதே கணவர் இறந்துபோனார், பிள்ளைகள் கட்சிக்காரர்களானார்கள்.

இனி சீர்வரிசை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் ஒரு விதி வந்தது. கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த அன்பளிப்புகளை ஒரு பட்டியலாகவும், மாப்பிள்ளைக்கு வந்ததை இன்னொரு பட்டியலாகவும் எழுதவேண்டும். பொருள் என்ன, மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பட்டியலை எந்தக் கட்சிக்காரரும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்ததில்லை. எழுதத் தெரியாத ஜனமா நாம்? பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு ஒரு பக்கம், மேஜை போட்டு நோட்டு எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். தாத்தா காலத்தில் வைத்த 11 ரூபாய்கூட யார் வைத்தது, எந்த ஊர், திருப்பியாச்சா இல்லையா என்று அந்த நோட்டில் இருக்கும். அறுபது பவுன் போட்டதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

பட்டியல் இல்லாததால் பாத்திரங்கள் சாட்சி சொல்லும். பேர் வெட்டுகிற பழக்கம் நம்மிடம் இருப்பது கோர்ட்டுக்குப் பெரிய உபகாரம். மகளிர் காவல் நிலையத்தில் பேசி முடித்து, ஒரு குட்டியானை வண்டியோடு சாமான் எடுக்கப் போகிற நாளில் நானும் வாசலில் நின்றிருக்கிறேன். அண்டா, குண்டான், தாம்பாளம், தூக்கு என்று ஒவ்வொன்றாகத் திண்ணைக்கு வரும். ஒரு ஏட்டம்மா அதைக் கவிழ்த்து விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் எழுத்தைக் கூட்டிப் படிப்பார். பெண்ணின் அப்பா பேர் இருந்தால் வண்டிக்கு. மாமியார் பேர் இருந்தால் உள்ளே. ஒரு பித்தளை அண்டாவில் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கி, கடைசியில் 'அன்பளிப்பு' மட்டும் மிச்சம். யாருடைய அன்பளிப்பு? அரை நாள் போயிற்று. "எங்க நாத்தனார் கல்யாணத்துக்கு வந்த அண்டா இது, அதுல கை வச்சா நல்லாருக்காது" என்று உள்ளே ஒரு குரல். "ஏன் ஆத்தா, பொங்கலுக்குப் பொங்கல் நான்தானே அதுல நெல்லு அவிச்சேன்" என்று வெளியே ஒரு குரல். நாச்சியார்கோவில் குத்துவிளக்கில் பேர் வெட்டவில்லை. அதைக் கழற்றி அன்னத்தை இவர்களும் அடிப்பாகத்தை அவர்களுமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டிலும் இப்போது விளக்கு கிடையாது.

இத்தனைக்கும் பெண்ணுக்குப் போட்ட நகையும் பாத்திரமும் அவளுடைய சொந்தச் சொத்து, கணவன் வீட்டார் வெறும் பொறுப்பாளர்கள், கேட்டபோது கொடுக்காவிட்டால் நம்பிக்கை மோசடி என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே தீர்ந்த விஷயம். நம் பூம்புகார்க்காரி ஒருத்தி மதுரையில் நகை வழக்கு நடத்தி, சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டி, ஒரே நாளில் தீர்ப்பு வாங்கினாள். சீக்கிரம் முடிந்த வழக்கு என்று எங்களுக்கு உதாரணம் காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் ஊர் எரிந்துபோயிற்று.

சாட்சியத்தில் புது ரகம் செல்போன். மனைவியின் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு வந்த கணவரை, அது அவளுடைய அந்தரங்கம், சாட்சியமாக ஏற்கமாட்டோம் என்று 2024 அக்டோபரில் மதுரைக் கிளை திருப்பி அனுப்பியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவி ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்றது. வேவு பார்க்கிற நிலைக்குப் போன கல்யாணம் ஏற்கெனவே உடைந்ததுதானே என்பது அதன் வாதம். எனக்கு மதுரைதான் பிடித்தது. ஆனால் என் பிடித்தத்தைக் கேட்டு யாரும் ரெக்கார்டரை அணைக்கப்போவதில்லை. 43 ஜி.பி. பதிவு நிறைந்த பென்டிரைவ் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. பெரும்பாலும் சீரியல் சத்தமும் குக்கர் விசிலும்.

தாலியைப் பற்றியும் கேட்பார்கள். மனைவி தாலியைக் கழற்றியது மனக் கொடுமையின் உச்சம் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. மற்றக் காரணங்களோடு சேர்த்துத்தான் சொன்னது என்றாலும் கட்சிக்காரர்களின் காதில் அந்த ஒரு வரிதான் விழுந்திருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி தாலியே இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ சுயமரியாதைக் கல்யாணம் செய்துகொண்டாலும் அது முழுக் கல்யாணம். அதை வக்கீல்கள் வக்கீலாக இருந்து நடத்திவைக்கக்கூடாது, நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக நிற்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, வக்கீலாக எங்களால் அறுத்து வைக்கத்தான் முடியும், கட்டி வைக்க முடியாது.

பிள்ளை இருந்தால்? ஐந்து வயது ஆகாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்பது 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் காப்பாளர் சட்டம். மற்றதெல்லாம் நீங்கள் வளர்ப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒரு மணிவரை தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் அப்பா பார்க்கலாம் என்று உத்தரவு வாங்கிவிட்டு, அந்த மூன்று மணி நேரமும் பக்கத்து பெஞ்சில் அம்மாவின் தம்பி உட்கார்ந்து போனில் படம் எடுக்கவேண்டும். பையன் அப்பா வாங்கிக்கொடுத்த பாப்கார்னை வாங்கலாமா என்று மாமன் முகத்தைப் பார்ப்பான். அதையும் படம் எடுத்து, குழந்தைக்குத் தகப்பனிடம் ஒட்டுதல் இல்லை என்று ஐ.ஏ. போடலாம். போட்டிருக்கிறார்கள்.

இந்தக் குறிப்புகள் அடி வாங்குகிறவர்களுக்கு அல்ல. கை நீட்டுகிற வீட்டில் இருக்கிற பெண் பெரியப்பாவுக்கும் காத்திருக்க வேண்டாம், வாய்தாவுக்கும் காத்திருக்க வேண்டாம். 181-க்கு அடிக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மனு கொடுத்து, சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. வீடு யார் பேரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்க உரிமை உண்டு. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு வக்கீல் இலவசம். எனக்குப் பீஸ் கிடைக்காது, பரவாயில்லை.

கோர்ட்டே வேண்டாம், ஊரில் முடித்துக்கொள்கிறோம் என்கிறவர்களும் உண்டு. முத்திரைத்தாள் வாங்கி, 'இன்று முதல் நீ யாரோ நான் யாரோ' என்று எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, நாட்டாண்மை கையெழுத்தோடு தீர்த்துக்கொள்வார்கள். உண்மையிலேயே தொன்றுதொட்டு அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள சமூகமென்றால் இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதைக் காப்பாற்றும். அந்த வழக்கத்தை நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. மற்றவர்களுக்கு அந்தத் தாள் வடை மடிக்கத்தான் ஆகும். ஆனால் சாகுபடி நோக்கில் அருமையான முறை: அதை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டால் இருதார வழக்கு, முதல் கல்யாணத்துக்கு விவாகரத்து வழக்கு, இரண்டாவது செல்லாது என்று ஒரு வழக்கு. ஒரு போகத்துக்கு மூன்று போகம்.

எப்படியோ ஒருநாள் தீர்ப்பு வந்துவிடும். கலங்காதீர்கள், மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. உயர் நீதிமன்றம்வரை போவதென்றால் தஞ்சாவூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போகவேண்டும். மன்னார்குடிக்காரர் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்கு. அந்தக் கெடு முடியும்வரை மறுமணமும் கூடாது என்பது 15-ஆம் பிரிவு. இதைச் சொன்னால் பையனின் அப்பாக்களுக்குக் கோபம் வரும். தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்ட அன்றே திருமணஞ்சேரிக்கு டாக்சி பேசிவிட்டு வந்தவர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு பாத்தாச்சு சார். நல்ல எடம். வர்ற ஆவணியில வச்சுக்கலாம்னு."

"ரொம்ப சந்தோஷம். 90 நாள் முடியட்டும். இந்தத் தடவையாவது சீர்ப் பட்டியல் ஒண்ணு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வச்சிருங்க."

அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் நீங்க, கல்யாணத்தப்பவே அதையெல்லாம் எழுதச் சொன்னா பொண்ணு வீட்ல என்ன நெனப்பாங்க?"